பட்ஜி கிளிக்குப் பேசக் கற்றுத்தரும் முறை

நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டு, இன்று கூண்டிலேயே தலைமுறைகளாக இனப்பெருக்கம் செய்யப்படும் பட்ஜியையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படுபவை பெரும்பாலும் இவைதான்.

முதலில், இளம் ஆண் பறவையாகப் பார்த்து வாங்குங்கள். பெண் பட்ஜிகள் பேசுவது அரிது. நெற்றிக் கோடுகள் அலகின் மேல்பகுதி வரை இறங்கியிருந்தால், அது நான்கு மாதத்துக்கு உட்பட்ட குஞ்சு. மூக்குத் துளைகளைச் சுற்றியுள்ள சதைப்பகுதி குஞ்சாக இருக்கும்போது ஒரே சீரான இளஞ்சிவப்பு ஊதாவாகவும், வளர்ந்தபின் பெரும்பாலும் நீலமாகவும் இருந்தால் அது ஆண்.

அடுத்தது பழக்குவது, எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுவே. ஆண் பட்ஜி தன் கூட்டத்தாரின் அழைப்பொலியைக் கேட்டுக் கற்றுத் திருப்பி ஒலிக்கும் இயல்புடையது. நம்மைத் தன் கூட்டமாக ஏற்றுக்கொண்ட பிறகே அது நம் ஒலியைக் கற்க முனைகிறது. ஆகவே, தினைக்கதிரைக் கையில் நீட்டி, அது அஞ்சாமல் விரலில் வந்து அமரும் வரை பாடத்தைத் தொடங்க வேண்டாம். இணையுடன் வளரும் பறவை இணையோடுதான் பேசும். தனியாக வளர்ப்பதென்றால் நாள்தோறும் சில மணி நேரமாவது அதனுடன் இருக்க முடியுமா என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். முடியாதவர்கள் பேச்சை மறந்துவிட்டு, இணையாகவே வளர்ப்பது நல்லது.

பழகியபின், 'குட்டிப் பாப்பா', 'டாட்டா' போன்ற வல்லெழுத்துகள் நிறைந்த ஒரு சிறு தொடரைத் தேர்ந்து, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, காலையும் மாலையும் பத்து நிமிடம் ஒரே தொனியில் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். கைப்பேசியில் பதிவை ஓடவிட்டு எழுந்து போவதால் பெரும் பயன் இல்லை.

பறவை அசையாமல் உங்கள் வாயையே கவனித்தால் கற்கிறது என்று கொள்ளலாம். தெளிவான சொல்லுக்கு முன் பல வாரங்கள் முணுமுணுப்பாகவே கேட்கும். அதன் பேச்சு மிக வேகமானது என்பதால், அதைப் பதிவு செய்து மெதுவாக ஓட்டிக் கேட்டால் நீங்கள் கற்பித்த சொல் பிடிபடும். கலிபோர்னியாவில் வாழ்ந்த பக் என்ற ஆண் பட்ஜிக்கு 1,728 சொற்கள் தெரிந்திருந்ததாகக் கின்னஸ் பதிவு சொல்கிறது. ஆனால் சில பறவைகள் வாழ்நாள் முழுதும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அதற்காகப் பட்டினி போடுவதும் கூண்டை மூடி வைப்பதும் கொடுமை.

அழைப்பு மணி, குக்கர் விசில் போன்றவற்றையும் அது பின்பற்றக்கூடும். வேண்டாத ஒலிக்குச் சிரிக்கவோ அதட்டவோ செய்யாமல், சொன்ன சொல்லுக்கு மட்டும் உடனே மறுமொழி கூறுங்கள். கூண்டைச் சமையலறையில் வைக்கவே கூடாது: அளவுக்கு மீறிச் சூடேறிய நான்ஸ்டிக் பாத்திரத்தின் புகை சில நிமிடங்களில் பட்ஜியைக் கொன்றுவிடும்.