லாங் ஆர்ம்: வெல்டிங்குக்கு முன் முடிக்க வேண்டிய வேலை

100 மி.மீ.க்குக் குறைவாக லிஃப்ட் செய்த (தரையிலிருந்து உயர்த்திய) வண்டிக்கு லாங் ஆர்ம், அதாவது ஆக்ஸிலைச் சேஸிஸோடு இணைக்கும் நீண்ட கம்பி, வேண்டாம். நீளம் மாற்றக்கூடிய ஷார்ட் ஆர்ம் போதும். மிச்சப் பணத்தில் நல்ல ஷாக் வாங்கலாம். அதற்கு மேல் ஏற்றினால் கணக்கு மாறும். 400 மி.மீ. ஆர்மின் ஆக்ஸில் முனை 200 மி.மீ. கீழே தொங்கினால் சாய்வு 30 டிகிரி. ஆக்ஸில் சேஸிஸ் பிராக்கெட்டை நோக்கி 54 மி.மீ. இழுபடும். 800 மி.மீ. ஆர்மில் அதே தொங்கலுக்கு 14.5 டிகிரி, 25 மி.மீ. தான். அதிகமாகச் சாய்ந்து நிற்கும் ஆர்ம், டயர் கல்லில் முட்டும்போது அந்த இடியை நேராகச் சேஸிஸுக்குள் அனுப்பும்; வண்டி மூக்கில் குத்து வாங்கியதுபோல் அதிரும்.

இங்கே சொல்வது தனிச் சேஸிஸ், முன்பக்கம் ரிஜிட் ஆக்ஸில், காயில் ஸ்பிரிங் உள்ள வண்டிக்கான மூன்று லிங்க் அமைப்பு: கீழே இரண்டு ஆர்ம், மேலே ஒன்று, குறுக்கே பான்ஹார்ட் ராடு (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி). ஜிப்ஸி மாதிரி லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) வண்டி என்றால் ஸ்பிரிங் இருக்கையே புதிதாகக் கட்ட வேண்டும். அது வேறு வேலை. இன்னொன்று: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. லாரியில் ஏற்றிப் போய் டிரெயிலில் (கரடுமுரடான காட்டுப்பாதையில்) மட்டும் ஓட்டும் வண்டிக்கே இந்த மாற்றம் சரி.

கீழ் ஆர்முக்கு 50 மி.மீ. வெளிவிட்டம், 6 மி.மீ. கனமுள்ள சீம்லெஸ் பைப். தண்ணீர்க் குழாய் முதல் பாறையிலேயே வளைந்துவிடும். சேஸிஸ் முனையில் பிரித்துப் பழுது பார்க்கக்கூடிய ஃப்ளெக்ஸ் ஜாயின்ட் (பல பக்கமும் திரும்பும் மூட்டு), ஆக்ஸில் முனையில் ரப்பர் புஷ். இரண்டு முனையிலும் ரோஸ் ஜாயின்ட் (ரப்பர் இல்லாத உலோகக் குண்டு மூட்டு) போட்டால் அதிர்வு முழுக்கக் கேபினுக்கு வரும். மழைக்காலச் செம்மண் சேறு புகுந்து சீக்கிரமே ஆட்டமும் கொடுக்கும். புஷ் வகையறாவைப் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் தேடுங்கள், பைப் முனை இழைகளைப் பீன்யாவில் ஏதாவது நல்ல லேத்தில் கடையுங்கள். ஒரு முனை வலது இழை, மறுமுனை இடது இழை. இழையின் விட்டம் 30 மி.மீ. என்றால் குறைந்தது 30 மி.மீ. பைப்புக்குள் போயிருக்க வேண்டும்.

பழைய பிராக்கெட்டைக் கழற்றும் முன் வீல்பேஸ் (முன், பின் சக்கர இடைவெளி), ரைடு ஹைட் (வண்டி நிற்கும் உயரம்), பினியன் (ஆக்ஸிலில் ஷாஃப்ட் வந்து சேரும் பல்சக்கரம்) சாய்வு, காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) நான்கையும் எழுதி வையுங்கள். சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸிலை ஜாக்கியில் தாங்குங்கள். பழைய பிராக்கெட்டை கிரைண்டரால் வெட்டுங்கள், கேஸ் கட்டர் வேண்டாம், 3 மி.மீ. சேஸிஸ் தகடு எளிதில் ஓட்டையாகும். வெல்டரிடம் கன்னடம், தமிழ், இந்தி எதில் சொன்னாலும் 'கொஞ்சம் முன்னாடி' என்பது ஆளுக்கு ஒரு அளவு. சாக்பீஸால் கோடு போட்டு மி.மீ. எழுதிக் கொடுங்கள்.

புதிய பிராக்கெட்டுக்கு டாக் (தற்காலிகப் புள்ளி வெல்ட்) மட்டும் போடுங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றி, ஜாக்கியால் ஆக்ஸிலை பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் மேலேறும் எல்லையில் உள்ள தடுப்பு) வரை ஏற்றி, முழுத் தொங்கல் வரை இறக்கிப் பாருங்கள். பிறகு ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கம் இறக்குங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் ஒடித்து டயர் ஆர்மில் உரசுகிறதா, மேல் ஆர்ம் சம்பில் (இன்ஜின் ஆயில் தொட்டியில்) இடிக்கிறதா, பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் இறுகுகிறதா, பிராப்பெல்லர் ஷாஃப்ட் ஸ்ப்லைன் கழன்று வருகிறதா பாருங்கள். ஷாக் அடிமுட்டும் முன் பம்ப் ஸ்டாப் தொட வேண்டும், 12 மி.மீ. இடம் மிச்சம் வையுங்கள். பெரும்பாலானோர் இந்த அரை நாள் வேலையைத் தாண்டிப் போய்விட்டு, முழு வெல்டையும் வெட்டி எடுக்கிறார்கள்.

பினியன் கோணத்தில் ஓர் இழுபறி உண்டு. ஷாஃப்டின் இரு முனையிலும் ஒற்றை யு.ஜே. கிராஸ் (யுனிவர்சல் ஜாயின்ட்) என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்கு விசை பிரிக்கும் பெட்டி) அவுட்புட்டும் பினியனும் இணையாக நிற்க வேண்டும். மேல் முனையில் இரட்டை கார்டன் (இரண்டு யு.ஜே. சேர்ந்த மூட்டு) இருந்தால் பினியன் ஷாஃப்டை நோக்கியே பார்க்கட்டும். ஆனால் பினியன் மூக்கைத் தூக்கத் தூக்கக் காஸ்டர் குறையும், வேகத்தில் ஸ்டியரிங் அலையும். காஸ்டரை 4 டிகிரிக்குக் கீழே விடாதீர்கள். கொஞ்சம் அதிர்வு இருந்தாலும் அலையாத ஸ்டியரிங்கே மேல். பான்ஹார்ட் ராடும் டிராக் லிங்கும் (ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) இணையாக, ஏறக்குறைய ஒரே நீளத்தில் இல்லையென்றால் குழியில் இறங்கும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாகத் திரும்பும்.

முழு வெல்டுக்கு முன் பேட்டரியின் இரு முனையையும், இ.சி.யு. பிளக்கையும் கழற்றுங்கள்; டீசல், பிரேக் பைப்புகளை ஒதுக்குங்கள்; தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெயின்ட்டை உரித்துப் பளபளப்பாக்கி, 40 மி.மீ. துண்டுகளாக இடம் மாற்றி மாற்றிப் போடுங்கள். சேஸிஸுக்குக் குறுக்கே நேர்கோடாக வெல்ட் ஓட்டாதீர்கள். விரிசல் அங்கேதான் பிறக்கும். பிராக்கெட்டுக்கு அடியில் சேஸிஸில் வெல்ட் செய்யும் 6 மி.மீ. தகட்டின் முனைகளை வைர வடிவில் வெட்டினால் விசை பரவும். ஆறியதும் ஜிங்க் பிரைமர்.

ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நின்ற பிறகே இறுக்குங்கள். தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கியபடியே இருந்து சில மாதத்தில் கிழியும். போல்ட் 10.9 தரம், துளை அதைவிட 0.5 மி.மீ. மட்டுமே பெரிதாக இருக்கலாம், இல்லாவிட்டால் முட்டைத் துளையாகி 'டக்' சத்தம் வரும். 100, 500 கி.மீ.யில் டார்க் ரென்ச்சால் மறுபடி பாருங்கள். அப்போதே வெல்ட் ஓரங்களைத் துடைத்து டார்ச் லைட் அடித்துப் பாருங்கள்: பெயின்ட்டில் முடிபோல் மெல்லிய துருக்கோடு தெரிந்தால் அடியில் விரிசல் இருக்கிறது, அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.