பல்கலைக்கழகம் எஸ்.டி.ஜி.க்கு என்ன செய்தது? அளக்கும்போது நாம் செய்கிற தவறுகள்

தர உறுதிப் பிரிவிலிருந்து ஒவ்வொரு துறைக்கும் ஒரு எக்செல் ஷீட் வரும். இடது பக்கம் ஐ.நா.வின் 17 நிலையான வளர்ச்சி இலக்குகள் (சுருக்கமாக எஸ்.டி.ஜி.), வலது பக்கம் ‘உங்கள் துறை செய்தவை’ என்று காலிக் கட்டங்கள், இரண்டு நாளில் நிரப்பி அனுப்ப வேண்டும். அந்த ஷீட்டை நானும் பல வருஷம் நிரப்பியிருக்கிறேன், அப்புறம் மற்ற துறைகள் நிரப்பி அனுப்பியதை ஒன்றாகச் சேர்க்கிற வேலையும் எனக்கு வந்தது. அதில் திரும்பத் திரும்ப நடந்த தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அந்த எண்களை வைத்துத்தான் ஒரு பல்கலைக்கழகம் அடுத்த வருஷம் எதற்குப் பணம் ஒதுக்குவது என்று முடிவு செய்கிறது.

முதல் தவறு அந்த ஷீட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. ஏற்கெனவே நடந்த நிகழ்ச்சிகளை எடுத்து, எந்த இலக்கின் கீழ் பொருந்தும் என்று தேடி ஒட்டுகிறோம். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துக்கு ஒரு பேச்சுப் போட்டி வைத்தோம், சரி, இலக்கு 6-இல் போடு. மகளிர் தினம், இலக்கு 5. ஐ.நா. 2015 செப்டம்பரில் ஏற்றுக்கொண்டது வெறும் 17 தலைப்புகளை மட்டும் இல்லை, அவற்றின் கீழ் 169 குறிப்பான இலக்குகள் இருக்கின்றன. இலக்கு 6-ஐத் திறந்து 6.3-ஐப் படித்தால், சுத்திகரிக்காமல் வெளியேறும் கழிவுநீரின் பங்கைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்கிறது. அதைப் படித்த உடனே கேள்வி தானாக மாறிவிடும்: நம் விடுதிக் கழிவுநீர் எங்கே போகிறது? பேச்சுப் போட்டி நல்ல விஷயம்தான், நடத்துங்கள், ஆனால் அது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

தண்ணீரைப் பற்றியே இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், அதில்தான் அளவீடு எப்படித் தவறுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் போர்வெல்லுக்கு மீட்டர் கிடையாது. அதனால் மோட்டார் ஓடிய நேரத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள். மோட்டார் மணிக்கு 10,000 லிட்டர் தள்ளும், நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடுகிறது, ஆக 60,000 லிட்டர். கணக்கு சுலபம். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் நிலத்தடி நீர் இறங்கியதும் அதே மோட்டார் மணிக்கு 5,000 லிட்டர் கூடத் தராது, தொட்டி நிரம்பாததால் வாட்ச்மேன் பத்து மணி நேரம் ஓட விடுவார். உண்மையில் வந்த தண்ணீர் 50,000 லிட்டருக்கும் கீழே, நம் ஷீட்டில் ஏறுவது ஒரு லட்சம். தண்ணீருக்கு மாணவர்கள் கஷ்டப்பட்ட மாதத்தில்தான் தண்ணீர்ச் செலவு அதிகம் என்று அறிக்கை சொல்லும். அந்த மாதம் லாரியில் வாங்கிய தண்ணீரோ அலுவலக பில் கட்டில் இருக்கும், இந்தக் கணக்குக்கே வராது.

அடுத்து, அதை எதால் வகுப்பது? அந்த 60,000 லிட்டரை விடுதியில் தங்கும் 400 பேரால் வகுத்தால் ஆளுக்கு 150 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்லும் 135 லிட்டரை விட இது கொஞ்சம் அதிகம். அதையே தினமும் வந்து போகிற மாணவர்கள், ஊழியர்கள் எல்லோரையும் சேர்த்து 3,000 பேரால் வகுத்தால் ஆளுக்கு 20 லிட்டர்தான் வரும், பார்ப்பவருக்குச் சிக்கனத்தின் சிகரம் மாதிரி இருக்கும். இரண்டுமே சரியான வகுத்தல்தான். ஆனால் போன வருஷம் ஒன்றையும் இந்த வருஷம் இன்னொன்றையும் போட்டுவிட்டு ‘தண்ணீர்ச் செலவு குறைந்தது’ என்று எழுதினால் அது பொய். யாரும் வேண்டுமென்று இதைச் செய்வதில்லை. போன வருஷம் ஷீட் நிரப்பியவர் ஒருவர், இந்த வருஷம் வேறொருவர், எதால் வகுத்தோம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். எண்ணுக்குப் பக்கத்தில் அது எப்படி வந்தது என்று இரண்டு வரி எழுதி வைப்பதுதான் நான் பார்த்த வரையில் மிக மலிவான, மிகப் பயனுள்ள திருத்தம்.

இன்னொரு பெரிய குழி, ஆராய்ச்சிக் கட்டுரைகளை எண்ணுவது. இந்த இலக்குகளை வைத்துப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்த டைம்ஸ் ஹையர் எஜுகேஷன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் நடத்தும் இம்பாக்ட் தரவரிசையில் ஒவ்வொரு இலக்குக்கும் உள்ள மதிப்பெண்ணில் சுமார் 27 சதவீதம் ஆராய்ச்சிக்குப் போகிறது. அந்தக் கட்டுரைகள் எல்செவியர் என்ற பதிப்பகத்தின் ஸ்கோபஸ் ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்திலிருந்து வருகின்றன. எந்தக் கட்டுரை எந்த இலக்குக்கு என்று பிரிப்பதில் தேடல் சொற்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கல்லூரிகளும் இதைப் பார்த்துவிட்டுத் தாங்களே குறிச்சொல் போட்டுத் தேட ஆரம்பிக்கின்றன. ‘கிளைமேட்’ என்று தேடினால் பருவநிலை பற்றிய கட்டுரைகளோடு, ஊழியர் மனநிலையைப் பற்றி மேலாண்மைத் துறை எழுதிய ‘ஆர்கனைசேஷனல் கிளைமேட்’ கட்டுரைகளும் சேர்ந்து வரும். ‘பாவர்ட்டி’ என்று தேடினால் குழந்தை மொழி கற்பதைப் பற்றி மொழியியலாளர்கள் பேசும் ‘பாவர்ட்டி ஆஃப் தி ஸ்டிமுலஸ்’ வறுமை ஒழிப்புப் பட்டியலில் ஏறிவிடும். இன்னொரு பக்கம், மானாவாரி நிலத்தில் மண் ஈரம் காப்பதைப் பற்றி ஒருவர் எழுதிய கட்டுரையில் பசி என்ற சொல்லே இருக்காது, அது பசி ஒழிப்புக்கான இலக்கு 2-இன் பட்டியலுக்கு வெளியே நிற்கும்.

நார்வேயில் பெர்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதை முறையாகவே சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். சில இலக்குகளை எடுத்துக்கொண்டு, தாங்கள் உருவாக்கிய தேடலையும் எல்செவியரின் தேடலையும் ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் பொதுவாக வந்த கட்டுரைகள் குறைவாகவே இருந்தன, எந்த நாடு முன்னணியில் என்ற வரிசை கூட மாறியது. ஆக ‘இலக்கு 2-இல் 340 கட்டுரைகள்’ என்று ஒரு துறை எழுதினால், எந்தத் தேடலில் என்று கேட்காமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. எண்ணிக்கை வந்த பிறகு அதிலிருந்து ஒரு 50 கட்டுரைகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, அந்தத் துறைக்காரர் இரண்டு பேரிடம் கொடுத்து, இது உண்மையில் இந்த இலக்கைப் பற்றியதா என்று கேளுங்கள். அரை நாள் வேலைதான், எண் எவ்வளவு நம்பத்தக்கது என்று தெரிந்துவிடும். தமிழில் எழுதியவற்றையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். உழவர்களுக்கான கையேடு, கிராமச் சுகாதார மையத்துக்குத் தயாரித்த பாடம் இதெல்லாம் ஸ்கோபஸில் இருக்காது, ஆனால் ஊர் மக்கள் கைக்கு நேராகப் போய்ச் சேருவது இவைதான்.

கட்டுரை எண்ணிக்கை இப்படியென்றால், நிகழ்ச்சி எண்ணிக்கை இன்னும் மோசம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நான்கு வருஷமாக மரம் நட்ட எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தபோது, வளாகத்தில் அத்தனை மரம் நடவே இடம் இல்லை. விசாரித்தால், ஆர்ட்ஸ் பிளாக்குக்குப் பின்னால் இருந்த அதே குழிகளில்தான் ஒவ்வொரு ஜூலையும் நட்டிருந்தார்கள், மே மாதம் கன்று காய்ந்துவிடும், அடுத்த ஜூலையில் புதுக் கன்று வரும். நட்ட பிள்ளைகளுக்கு அது தெரியாது, அவர்கள் ஒவ்வொரு வருஷமும் புதிய பேட்ச். என்.எஸ்.எஸ். அலுவலரிடம் ஒரு சின்ன மாற்றம் கேட்டோம்: எத்தனை நட்டோம் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், போன வருஷம் நட்டதில் இப்போது எத்தனை உயிரோடு இருக்கிறது என்று ஒரு கட்டம். முதல் வருஷம் அந்த எண் பார்க்க வருத்தமாக இருந்தது. அடுத்த கோடையில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் முறை போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள்.

தத்தெடுத்த கிராமங்களுக்கும் இதே கதைதான். உன்னத் பாரத் அபியான் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் சேரும் கல்லூரிகள் பக்கத்துக் கிராமங்களைத் தத்தெடுக்கின்றன, என்.எஸ்.எஸ். ஏழு நாள் சிறப்பு முகாம் நடத்துகிறது. அறிக்கையில் முகாம் எத்தனை, கலந்துகொண்டோர் எத்தனை, புகைப்படம் எத்தனை என்பதெல்லாம் இருக்கும். அந்த ஊரில் ஏதாவது மாறியதா என்ற கட்டம் இருக்காது. ஒரு முறை முகாம் முடிந்து எட்டு மாதம் கழித்து அதே ஊருக்குப் போய் ஒரு அம்மாவிடம் கேட்டோம். “கண் பாத்தாங்க, கண்ணாடி வேணும்னு எழுதிக் குடுத்தாங்க, அதை எங்க போயி வாங்கணும்னு யாரும் சொல்லலையேப்பா” என்றார். கண் பரிசோதனை முகாமில் இத்தனை பேர் பயனடைந்தனர் என்று இலக்கு 3-இன் கீழ் நாங்கள் எழுதிய எண்ணில் அவரும் ஒருவர்.

அதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, ஊரில் நடந்த நல்ல மாற்றம் முழுவதையும் நம் கணக்கிலேயே எழுதிக்கொள்வது. திருந்திய நெல் சாகுபடியை எடுத்துக்கொள்ளுங்கள். 14 நாள் நாற்று, 25 சென்டிமீட்டர் இடைவெளி, தண்ணீரைக் காயவிட்டுப் பாய்ச்சுவது, களையெடுக்க உருட்டிச் செல்லும் கோனோ வீடர். இந்த முறை மடகாஸ்கரில் உருவானது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2000 வாக்கில் இங்கே சோதிக்கத் தொடங்கியது, நம் நிலத்துக்கு ஏற்றபடி மாற்றியது. வேளாண்மைத் துறை பரப்பியது, உலக வங்கிக் கடனில் நடந்த நீர்வளத் திட்டம் ஒன்று பணம் போட்டது, நடவு செய்யும் பெண்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள், உழவர் துணிந்து ஒற்றை நாற்று நட்டார். இதில் பல்கலைக்கழகத்தின் பங்கு எத்தனை சதவீதம்? அப்படி ஒரு எண்ணைச் சொல்லவே முடியாது, சொல்ல முயன்றால் இட்டுக்கட்டத்தான் வேண்டியிருக்கும். பதிலாக, யார் யார் என்ன செய்தார்கள், அதில் நாம் இல்லாவிட்டால் எந்தக் கண்ணி அறுந்திருக்கும் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். எண்ணை விட அந்தப் பக்கம் நேர்மையானது, அடுத்த திட்டம் போடுபவருக்கும் அதுதான் உதவும்.

தரவரிசை விஷயத்துக்கு வருகிறேன். அந்த இம்பாக்ட் பட்டியல் 2019-இல் சுமார் 450 பல்கலைக்கழகங்களோடு தொடங்கியது, சில வருஷங்களில் 2,000-ஐத் தாண்டிவிட்டது. ஒட்டுமொத்த இடத்துக்குக் கூட்டாண்மை பற்றிய இலக்கு 17 கட்டாயம், அதற்கு 22 சதவீதம், மீதி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு அதிக மதிப்பெண் வந்த மூன்று இலக்குகளிலிருந்து, ஒவ்வொன்றுக்கும் 26 சதவீதம். அதாவது பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பல்கலைக்கழகங்கள் முற்றிலும் வேறு வேறு இலக்குகளுக்காக அங்கே இருக்கலாம். ஒன்று கடல்வளம், இன்னொன்று பாலினச் சமத்துவம். போன வருஷம் 300-களில் இருந்தோம், இந்த வருஷம் 400-களில் என்று வருத்தப்படும் துணைவேந்தரிடம் இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும்: நீங்கள் செய்வது குறையாமலே இடம் இறங்கும், கூடாமலே ஏறும். கொள்கை ஆவணம் இருக்கிறதா, இணையதளத்தில் போட்டிருக்கிறதா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. அதனால் கெடு நெருங்கும் வாரத்தில் ஐந்தாறு கொள்கைகள் எழுதி ஏற்றிவிடுகிறார்கள், அந்தக் கொள்கை எந்தத் துறையின் மேஜைக்கும் போவதில்லை. தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். 2025-இல் இந்த இலக்குகளுக்கென்றே தனிப் பிரிவு கொண்டுவந்து, அதில் சென்னை ஐ.ஐ.டி. முதலிடம் பெற்றது. இனி இந்த அவசரம் சிறிய கல்லூரிகளுக்கும் வரும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எனக்கு மிகவும் வலிக்கிற தவறு ஒன்று பாக்கி இருக்கிறது. சோலார் பேனல், மழைநீர்த் தொட்டி, பிளாஸ்டிக் தடை எல்லாவற்றையும் எண்ணிவிட்டு, ஒரு பல்கலைக்கழகம் செய்கிற ஆகப் பெரிய வேலையை எண்ணாமல் விடுகிறோம்: யார் உள்ளே வருகிறார்கள், யார் பட்டத்தோடு வெளியே போகிறார்கள். 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4. இங்கே குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று சான்றிதழ் கொண்டுவரும் பிள்ளைகள் ஏராளம், அந்தச் சான்றிதழ் எண்ணிக்கை கல்லூரி அலுவலகத்திலேயே இருக்கிறது. இம்பாக்ட் பட்டியலும் கல்வி பற்றிய இலக்கு 4-இல் முதல் தலைமுறை மாணவர் விகிதத்தைக் கேட்கிறது. ஆனால் சேர்ந்தவர்களை எண்ணுவதோடு நிறுத்திவிடுகிறோம். முதல் வருஷம் 60 பேர் சேர்ந்தார்கள், மூன்றாம் வருஷம் எத்தனை பேர் இருக்கிறார்கள்? போனவர்கள் ஏன் போனார்கள், அரியரா, கல்யாணமா, கடைசி பஸ் நேரமா? அரியர் பட்டியல் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில், கட்டணப் பாக்கி அக்கவுண்ட்ஸில், வருகைப் பதிவு துறையில். மூன்றையும் ஒரு மேஜையில் வைத்து ஒப்பிட எங்களுக்கு ஒரு வாரம் ஆனது, அந்த வாரம் தெரிந்துகொண்டது முந்தைய பத்து அறிக்கைகளில் இல்லை.

அதே மாதிரி, இலக்கு 8 கண்ணியமான வேலையைப் பற்றியது. அங்கே வேலைவாய்ப்பு முகாம் புகைப்படத்தைப் போடுவதற்கு முன், தொகுப்பூதியத்தில் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் எத்தனை பேர், ஒப்பந்தத்தில் கழிவறை கழுவும் அக்காக்களுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கப்படுகிறதா என்று பாருங்கள். சாதகமில்லாத எண் வரும். அதையும் அறிக்கையில் போடுங்கள், டீசல் ஜெனரேட்டர் ஓடிய மணிக்கணக்கையும் சேர்த்து.

புதிதாக இந்தப் பொறுப்பு வந்தவர்களுக்கு ஒரு யோசனை. பதினேழையும் ஒரே வருஷத்தில் அளக்க வேண்டாம். உங்கள் இடத்துக்கு உண்மையில் பொருந்தும் மூன்றை எடுங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு எண்கள் போதும், ஐந்து வருஷத்துக்கு மாற்றாமல் அதையே எடுங்கள். போர்வெல்லுக்கு ஒரு மீட்டர் மாட்டச் சொல்லுங்கள், ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் அதைப் பார்த்து எழுத ஒரு நோட்டை வாட்ச்மேன் அறையில் தொங்க விடுங்கள், முதல் நாள் நீங்களே போய் அவரோடு நின்று எழுதிக் காட்டுங்கள்.