உப்புக்காற்றில் ஓடும் வீடு: வேனுக்குள் கேஸும் மின்சாரமும்

மண்டபத்திலும் பாம்பனிலும் முப்பது ஆண்டுகளாக விசைப்படகுகளுக்கு வயரிங் செய்கிறவன் நான். போன வருடம் அக்கா மகன் ஒரு பழைய வேனை வாங்கினான். இருக்கைகளையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு என் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். "மாமா, இதில் அடுப்பும் ஃபேனும் ஃபிரிட்ஜும் வைத்துத் தாருங்கள். தொண்டியில் கிளம்பினால் சாயல்குடி வரைக்கும் லாட்ஜ் தேடக் கூடாது" என்றான்.

கேரவன் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது படப்பிடிப்பில் நடிகர்கள் உட்காரும் வண்டிதான். வெளிநாட்டில் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் சின்ன வீட்டுக்கும் அதுதான் பெயர். இழுத்துப்போனாலும் சரி, ஓட்டிப்போனாலும் சரி, உள்ளே பார்க்க வேண்டிய வேலை ஒன்றுதான். அதைச் செய்தபோது கற்றதையும் கெடுத்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காகிதம். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 உண்டு. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, ஆர்.சி. புத்தகத்தில் மாற்றத்தைப் பதிந்துகொண்டு ஆரம்பியுங்கள். எல்லாம் முடித்துவிட்டுப் போய் நின்றால், பொருத்தியதைப் பிரிக்கச் சொன்னாலும் சொல்வார்கள்.

மருமகன் அடுத்த நாளே வீட்டுச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். 14.2 கிலோ. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கயிற்றால் கட்டிவிடலாம் என்பது அவன் திட்டம். திருப்பி அனுப்பினேன். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டி, உள்ளே கொண்டுவந்திருந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். ராமேஸ்வரமும் வருவதற்காகக் கிளம்பியவர்கள் அவர்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, நான்கு சுவருக்குள் சிலிண்டரைப் பார்த்தாலே முதலில் தரையைத்தான் பார்க்கிறேன், காற்றுப் போக வழி இருக்கிறதா என்று.

ஏன் தரை? சமையல் எரிவாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது. படகின் அடியில் தண்ணீர் தேங்குகிற மாதிரி, வேனின் தரையில் பரவித் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்திருந்தாலே போதும், ஒரு சுவிட்ச்சின் பொறி பற்ற வைத்துவிடும். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோமே என்பது இங்கே பெரிய காப்பு இல்லை. ஜன்னல் இடுப்புக்கு மேலே இருக்கிறது, கேஸ் கணுக்காலுக்குக் கீழே கிடக்கிறது.

எனவே சிலிண்டருக்குத் தனி அலமாரி கட்டுங்கள். அதன் கதவு வண்டிக்கு வெளியே திறக்க வேண்டும். உள்பக்கத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஊசி நுழையும் இடைவெளிகூட இருக்கக் கூடாது. அலமாரியின் தரையில் வெளிக்காற்றுக்கு நேராகத் திறக்கும் ஓட்டை வேண்டும். ஐரோப்பியக் கேரவன்களில் இதற்கு அளவு வைத்திருக்கிறார்கள்: 100 சதுர சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஏறக்குறைய விரல்களை நீக்கிய உள்ளங்கை அளவு. அடுப்புக்குக் கீழேயும் தரையில் இன்னொரு ஓட்டை போட்டேன். இரண்டுக்கும் துருப்பிடிக்காத கம்பிவலை அடித்தேன். ஓட்டைகள் சைலன்சருக்குப் பக்கத்தில் வரக் கூடாது.

ஓட்டை போட்டதோடு கதை முடியவில்லை. அரியமான் கடற்கரையில் மணலில் சக்கரம் புதைந்து ஒரு மாலை முழுக்கத் தள்ளினோம். மறுநாள் குனிந்து பார்த்தால் இரண்டு வலையிலும் ஈரமணல் அப்பி, ஓட்டை இருந்த தடமே தெரியவில்லை. இன்னொரு முறை வண்டி மூன்று வாரம் சும்மா நின்றது. குளவி வந்து மண்கூடு கட்டிவிட்டது. அதனால் அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்னால் கீழே கைவிட்டு வலையைத் தடவிப் பார்ப்பது எங்கள் வண்டியில் வழக்கமாகிவிட்டது.

சிலிண்டர் 5 கிலோ போதும். முகவரிச் சான்று இல்லாமல், அடையாள அட்டையைக் காட்டினாலே கிடைக்கும். ஒற்றை பர்னர் அடுப்பு மணிக்குச் சுமார் 150 கிராம் தின்னும். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் எரித்தால் இரண்டு வாரம் தாராளமாக வரும். வாங்கும்போது கழுத்துப் பகுதித் தகட்டைப் பாருங்கள். ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்தில் ஒன்றும் அதன் பக்கத்தில் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் மார்ச் முடிய, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். சிலிண்டரை மறுசோதனை செய்ய வேண்டிய கெடு அது. கெடு தாண்டியதை வாங்காதீர்கள். வண்டியில் எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்கு வந்துவிடும். கயிறு வேண்டாம், இரும்புப் பட்டை இரண்டு போடுங்கள். அந்தச் சிலிண்டருக்கு உரிய ரெகுலேட்டரையே பொருத்துங்கள். வேறொன்றை அழுத்தி உட்காரவைக்கும் வேலை வேண்டாம்.

அலமாரியிலிருந்து அடுப்பு வரைக்கும் ரப்பர் டியூப்பை நீளமாக இழுக்காதீர்கள். செம்புக் குழாய் போட்டு, அரை மீட்டருக்கு ஒரு கிளிப் அடித்து, தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் வையுங்கள். ஓடுகிற வண்டியில் தகரத்தின் விளிம்பு அரம் போல வேலை செய்யும். இரண்டு முனையில் மட்டும் ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூப், முடிந்த அளவு குட்டையாக. அதில் அச்சடித்திருக்கும் தேதியிலிருந்து ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டும். இந்த இணைப்பு வேலையை நானே செய்யவில்லை. கேஸ் ஏஜென்சியில் வேலை தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். எனக்குத் தெரிந்தது கம்பி. குழாயில் நான் கற்றுக்குட்டி.

அவர் முடித்த பிறகு சோப்பு நுரையைக் குழைத்து ஒவ்வொரு மூட்டிலும் பூசினோம். எல்லா இடத்திலும் நுரை அப்படியே நின்றது. அடுப்புக்குக் கீழே உள்ள வால்வில் மட்டும் சாளை மீனின் கண் அளவில் ஒரு குமிழி எழும்பியது. உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று எழும்பியது. மூக்கில் வாசனை எதுவும் இல்லை, அடுப்பும் நன்றாகவே எரிந்தது. அந்தக் குமிழியைப் பார்க்காவிட்டால் அப்படியே கிளம்பியிருப்போம். நட்டைக் கழற்றினால் குழாயின் விரிந்த வாயில் ஒரு மணல் துகள். தீக்குச்சி கிழித்துக் கசிவு பார்க்கிற வீரர்கள் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களை உங்கள் வண்டிப் பக்கம் விடாதீர்கள்.

கேஸ் கசிவு அலாரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பொருத்துங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு. அது படுக்கும்போது தலை இருக்கும் உயரத்தில் இருக்கட்டும். அடுப்பு எரியும்போது எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தீ அணைந்து கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். ஆகவே தீ அணைந்தால் தானே மூடிக்கொள்ளும் அடுப்பாக வாங்குங்கள். ஐரோப்பிய வண்டிகளில் கேஸிலேயே ஓடும் ஃபிரிட்ஜ் உண்டு. அது நம் வெயிலுக்குத் திணறும். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ்தான் இங்கே சரி.

இனி என் சொந்தத் தொழிலுக்கு வருகிறேன்.

எத்தனை பேட்டரி என்று என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, எதை எத்தனை மணி நேரம் ஓட்டுவீர்கள் என்றுதான். எங்கள் கணக்கு இது. 5 வாட் எல்.இ.டி. நான்கு, ஐந்து மணி நேரம்: 100 வாட்-மணி (வாட்டை மணி நேரத்தால் பெருக்கினால் வருவது). 28 வாட் ஃபேன் பத்து மணி நேரம்: 280. போன்கள்: 60. ஃபிரிட்ஜ் 45 வாட், இந்த வெக்கையில் பாதி நேரம் ஓடிக்கொண்டே இருக்கும்: 540. ஆக மொத்தம் 980.

12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 1,280 வாட்-மணி இருக்கிறது. அதில் எண்பது சதவீதம் எடுத்தால் எங்கள் ஒரு நாள் தேவை சரியாக அடங்கிவிடும். எடை பத்துப் பன்னிரண்டு கிலோ. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியில் 1,800 இருந்தாலும், பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். எடையோ ஐம்பது கிலோவுக்கு மேல். மலிவு என்று டியூபுலரே போட்டால், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும் என்பதை மறக்காதீர்கள். அது கேஸுக்கு நேர்மாறு, மேலே ஏறும். எனவே பேட்டரிப் பெட்டிக்கு மேல்பக்கம் காற்றுவழி வேண்டும். எந்தப் பேட்டரியாக இருந்தாலும் சிலிண்டர் அலமாரிக்குள் வைக்கக் கூடாது. லித்தியத்துக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. மே மாத மதியத்தில் பூட்டிய வேனுக்குள் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். நிழலான, காற்றோடும் இடத்தில் வையுங்கள்.

இன்டக்‌ஷன் அடுப்பு வேண்டும் என்று ஒருவர் கேட்டார். 2,000 வாட்டை 12 வோல்ட்டில் எடுத்தால் 160 ஆம்பியருக்கு மேல். கேஸ் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு? ஆனால் அக்கா, மிக்ஸி இல்லாமல் வண்டியில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சட்னிக்கு மூன்று நிமிடம் ஓடினால் 25 வாட்-மணிதான். கிளம்பும்போது அது இழுக்கும் இழுப்புக்காக 1,000 வாட் இன்வெர்ட்டர் வைத்தேன். முழுச் சுமையில் அது 90 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். எனவே பேட்டரிக்கும் அதற்கும் நடுவில் ஒரு மீட்டருக்குள் 35 சதுர மில்லிமீட்டர் கேபிள்.

கம்பியின் தடிமனில்தான் எல்லாரும் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். பேட்டரியிலிருந்து ஐந்து மீட்டர் தூரத்துக்கு 10 ஆம்பியர் அனுப்புகிறோம் என்று வையுங்கள். போக ஐந்து, வர ஐந்து. 1.5 சதுர மில்லிமீட்டர் வீட்டு வயரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் போனால் ஃபிரிட்ஜ், பேட்டரி தீர்ந்துவிட்டதென்று நினைத்து நின்றுவிடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு சுமார் 0.3 வோல்ட்டோடு நின்றுவிடும்.

ஃபியூஸ் கருவியைக் காப்பதற்கு அல்ல, கம்பியைக் காப்பதற்கு. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் முதன்மை ஃபியூஸ் வர வேண்டும். அந்த ஒரு சாணுக்குப் பிறகு எங்கே கம்பி தேய்ந்து பாடியைத் தொட்டாலும் ஃபியூஸ் போகும். அதற்கு முன்னால் தொட்டால் வண்டி போகும்.

அடுத்து உப்பு. முதல் வயரிங்கில் நான் செய்த தவறு, கையில் இருந்த சாதாரணச் செம்பு வயரைப் போட்டது. படகுக்கு அப்படிச் செய்யமாட்டேன், வேன் தரையில்தானே ஓடுகிறது என்று நினைத்துவிட்டேன். வாலிநோக்கம் உப்பளங்களுக்குப் பக்கத்தில் நான்கு நாள் தங்கிவிட்டு வந்த சில வாரங்களில் பின்விளக்கு மங்கியது. கம்பி முனையில் இருந்த லக்கை, அதாவது இணைப்பு வளையத்தை, வெட்டி எடுத்தேன். வெளியே பிளாஸ்டிக் உறை புதிது போல இருக்கிறது. உரித்தால் முனையில் பச்சைக் களிம்பு, அதற்குள்ளே கம்பி இழைகள் கறுத்து, ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு ஏறியிருக்கிறது. விரலால் நிமிண்டியதும் இழைகள் பொடிந்தன. உப்பு ஈரம் இழைகளுக்கு நடுவே திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறிவிடும். மொத்தத்தையும் பிடுங்கிவிட்டு வெள்ளீயம் பூசிய கம்பியில் மறுபடி செய்தேன். லக்கைக் கருவியால் அழுத்தி, உள்ளே பசை உள்ள சுருங்கும் உறையைச் சூடாக்கி மூடுங்கள். பேட்டரி முனைகளில் வாசலின் தடவுங்கள். மைனஸுக்கு வேன் பாடியை நம்பாமல் தனிக் கம்பியே இழுங்கள். துருப்பிடித்த பாடி நல்ல கம்பியாக இருக்காது.

சார்ஜ் ஏற்ற மூன்று வழி வைத்தேன். கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்த மாவட்டம் இது, வெயிலுக்குப் பஞ்சமில்லை. கூரையில் 200 வாட் சூரியத் தகடு, அதிலிருந்து முடிந்த அளவு மின்சாரத்தை எடுத்துப் பேட்டரிக்கு ஏற்றும் எம்.பி.பி.டி. கண்ட்ரோலர். நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 650 வாட்-மணி வரும். உப்புப் படலத்தை நல்ல தண்ணீரில் துடைக்காவிட்டால் குறையும். மீதியை ஓடும் இன்ஜின் கொடுக்கும். நேராக இணைக்காமல், வண்டி மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற அளவாக்கிக் கொடுக்கும் 20 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் வழியாக எடுங்கள். ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் 350க்கு மேல் கிடைத்துவிடும்.

மூன்றாவது, உறவினர் வீட்டிலிருந்து எடுக்கும் 230 வோல்ட். இதை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். வண்டிக்குள் நுழைந்ததும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிப்பது), அடுத்து எம்.சி.பி. (சுமை மீறினால் துண்டிப்பது); எர்த் கம்பியை வண்டிச் சட்டத்தோடு சேர்க்க வேண்டும். வெளி மின்சாரமும் இன்வெர்ட்டரும் ஒரே கம்பியில் சந்திக்காமல் இருக்கச் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் அவசியம். கொடுக்கும் வீட்டுப் பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று சோதனை விளக்கால் பாருங்கள். பழைய வீடுகள் பலவற்றில் மூன்றாவது துளை அழகுக்குத்தான். நீட்டிப்பு வயரைச் சுருளாக வைத்துக்கொண்டு எடுக்காதீர்கள், சூடாகி உருகும். முழுவதும் விரித்துப் போடுங்கள்.

தேவிபட்டினத்தில் மருமகன் விடியற்காலையில் வயரைப் பிடுங்காமலே வண்டியை எடுத்துவிட்டான். பிளக்கோடு வீட்டுக்காரர் சுவரின் காரையும் கொஞ்சம் வந்தது. அன்றிலிருந்து இரவு வயரை மாட்டியதும் வண்டிச் சாவியை அந்தப் பிளக்கின் கழுத்தில் கட்டிவைக்கிறோம்.