ஆணுறை: போடும் முறையும், போட்ட பிறகு வரும் பயங்களும்

ஆணுறை போட்டிருந்தும் எச்.ஐ.வி. வந்துவிடுமோ என்று தூக்கம் கெட்டுத் தவிப்பவர்கள் நிறையப் பேர். ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்குமோ என்பதுதான் அவர்களின் முதல் சந்தேகம். அந்தக் கவலையை விடலாம். எச்.ஐ.வி. கிருமி நல்ல லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) உறையைத் தாண்டி வராது. கவனிக்க வேண்டியது நம் கைப்பழக்கத்தை.

கர்ப்பத் தடையின் கணக்கைப் பாருங்கள். ஓராண்டு முழுக்க, ஒவ்வொரு முறையும் பிழையில்லாமல் ஆணுறை போடும் 100 ஜோடிகளில் சுமார் 2 ஜோடிக்குத்தான் கரு தரிக்கும். சாதாரணமாக மக்கள் பயன்படுத்தும் விதத்தில் அது 13 ஆகிவிடுகிறது. ஒருநாள் போடாமல் விடுவது, தாமதமாகப் போடுவது, பாதியில் கழற்றுவது எல்லாம் சேர்ந்துதான் இந்த வித்தியாசம். நோய்த்தொற்றும் பெரும்பாலும் இதே வழிகளில்தான் நுழைகிறது.

படி 1: பிரிக்கும் முன்

காலாவதித் தேதியைப் பாருங்கள். பிறகு பாக்கெட்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து மெல்ல அழுத்துங்கள். உள்ளே காற்று மெத்தென்று தள்ள வேண்டும், உறை வழுக்கி நகர வேண்டும். தட்டையாகக் கிடந்தால் எங்கோ காற்று கசிந்திருக்கிறது, உள்ளிருக்கும் வழவழப்பும் காய்ந்திருக்கும். தூக்கிப் போடுங்கள். மாதக்கணக்கில் பர்ஸில் இருந்த உறையும் வேண்டாம். உடல் சூடும் உரசலும் லேடெக்ஸை நலிய வைக்கும்.

படி 2: பிரிப்பது

உறையை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, மறுபக்க ஓரத்தைக் கையால் கிழியுங்கள். பல்லும் கத்தரிக்கோலும் கூடவே கூடாது. நீண்ட நகமும் மோதிரமும் கீறும்.

படி 3: போடுவது

விறைத்த பிறகு, உறுப்புகள் ஒன்றையொன்று தொடும் முன்பே போட வேண்டும். "கடைசியில் போட்டுக்கொள்ளலாம்" என்பதுதான் மிகப் பெரிய தவறு. விந்துக்கு முன்பு கசியும் நீரிலும் கிருமி இருக்கலாம்.

சுருள் வெளிப்பக்கம் இருக்கும்படி, தொப்பியின் விளிம்பு போலப் பிடித்து, நுனியில் வையுங்கள். முன்தோல் இருந்தால் பின்னே தள்ளிக்கொள்ளுங்கள். உறையின் முனையைக் கிள்ளிப் பிடித்துக் காற்றை வெளியேற்றி, சுமார் ஒரு சென்டிமீட்டர் இடம் விட்டு, அடிவரை உருட்டுங்கள். உருள மறுத்தால் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். அதையே திருப்பிப் போடாதீர்கள். கசிந்த நீர் இப்போது வெளிப்பக்கம் வந்துவிடும். புதிதாக ஒன்றை எடுங்கள்.

படி 4: வழவழப்பு

வறட்சியில் உரசினால் உறை கிழியும். தண்ணீர் சார்ந்த லூப்ரிகன்ட், சிலிக்கோன் லூப்ரிகன்ட் இரண்டும் சரி. தேங்காய் எண்ணெய், பேபி ஆயில், வாசலின், உடம்புக்குப் பூசும் லோஷன் எதுவும் லேடெக்ஸோடு சேராது. சில நிமிடங்களிலேயே அதன் வலுவைக் குலைத்துவிடும். யோனிக்குத் தரும் சில பூஞ்சை மருந்துகளிலும் எண்ணெய் உண்டு. அதைப் பலர் யோசிப்பதே இல்லை. பாதுகாப்புக்கு என்று இரண்டு உறையை ஒன்றன்மேல் ஒன்று போடவும் வேண்டாம்.

படி 5: முடிந்ததும்

விறைப்பு தளரும் முன், உறையின் அடியைப் பிடித்தபடி வெளியே எடுங்கள். இங்கே தாமதித்தால் உறை உள்ளேயே நழுவிவிடும். கழற்றியதும் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். கிழிந்திருந்தால் பெரும்பாலும் பளிச்சென்று தெரியும். முடிச்சுப் போட்டுக் குப்பையில் போடுங்கள், கழிப்பறையில் அல்ல.

எந்தப் பயம் நியாயமானது?

எச்.ஐ.வி.யும், கொனோரியா, கிளமிடியா என்ற பாக்டீரியா பால்வினை நோய்களும் உடல் திரவங்கள் வழியே பரவுபவை. உறை முதலிலிருந்து கடைசிவரை கிழியாமல் இருந்தால் இவற்றுக்கு எதிராக வலுவான காப்பு உண்டு. ஹெர்பிஸ் (கொப்புளம் வரவைக்கும் வைரஸ்), சிஃபிலிஸ் (புண் வரவைக்கும் பாக்டீரியா நோய்), எச்.பி.வி. (மருவும் கருப்பைவாய்ப் புற்றுநோயும் உண்டாக்கும் வைரஸ்) அப்படியல்ல. இவை தோலோடு தோல் பட்டாலே தொற்றும். உறை மூடாத அடிப்பகுதியிலோ விதைப்பையிலோ தொடையிடுக்கிலோ புண் இருந்தால் உறை என்ன செய்யும்? ஆபத்தைக் குறைக்கும், முழுக்க நிறுத்தாது. எச்.பி.வி.க்கும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி-க்கும் தடுப்பூசி இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள்.

முத்தம், வியர்வை, கழிப்பறை இருக்கை, ஒரே தட்டில் சாப்பிடுவது இவற்றால் எச்.ஐ.வி. பரவாது. வாய்வழி உறவில் எச்.ஐ.வி. ஆபத்து மிகமிகக் குறைவு. ஆனால் கொனோரியா, சிஃபிலிஸ், ஹெர்பிஸ் அந்த வழியில் தாராளமாகப் பரவும், அதனால் அங்கேயும் உறை தேவை. எச்.ஐ.வி. உள்ளவர் தொடர்ந்து மருந்து எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவில் நிலைத்திருந்தால் உடலுறவு மூலம் அவரிடமிருந்து அது பரவாது.

உறை கிழிந்துவிட்டால்

சோப்புப் போட்டு உள்ளே கழுவாதீர்கள். சவ்வு புண்ணாகி ஆபத்து கூடும். எச்.ஐ.வி. ஆபத்து இருந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். முதல் சில மணி நேரத்திலேயே போவது நல்லது. மருந்து 28 நாட்கள். கர்ப்பத்தைத் தடுக்க, லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரை 72 மணி நேரத்துக்குள். யூலிப்ரிஸ்டல் மாத்திரையோ, மருத்துவர் கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டியோ என்றால் 5 நாட்கள் வரை நேரம் உண்டு.

மறுநாளே ரத்தம் கொடுத்து "நெகட்டிவ்" என்று நிம்மதி அடைவதில் பொருளில்லை. கொனோரியா, கிளமிடியாவுக்கு 2 வாரம் கழித்துச் சோதிக்கலாம். நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறை எச்.ஐ.வி. சோதனைக்கு (கிருமியின் புரதத்தையும் உடலின் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடுவது) 45 நாட்கள், விரல் நுனியில் குத்திச் செய்யும் சோதனைக்கும் சிஃபிலிஸுக்கும் 90 நாட்கள் காத்திருந்தால்தான் முடிவை முழுதாக நம்பலாம். அறிகுறி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். கிளமிடியா பலருக்கு எந்தத் தொல்லையும் தராமலே உள்ளே இருக்கும். தொண்டையில் தங்கிய கொனோரியா சிறுநீர்ச் சோதனையில் தெரியாது. எந்த வழியில் உறவு நடந்தது என்பதை மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொன்னால்தான் அவர் சரியான இடத்திலிருந்து மாதிரி எடுக்க முடியும்.