தகரத்துல ஒரு குட்டி கால்டர் சிற்பம்: முதல் தடவை செய்யறவங்களுக்கு

சிகாகோ ஃபெடரல் பிளாசாவுல சுத்தி மீஸ் வான் டெர் ரோ வடிவமைச்ச கருப்பு கட்டடங்க, எல்லாமே கட்டம் கட்டமா நேர்கோடு, நடுவுல 53 அடி உயரத்துக்கு செவப்பா வளைஞ்சு நிக்குது அமெரிக்க சிற்பி அலெக்சாண்டர் கால்டரோட ‘ஃபிளமிங்கோ’ சிற்பம். 1974ல வெச்சது. எஃகுத் தகடு, செவப்பு பெயின்ட், அவ்ளோதான், ஆனா ஆபீஸ் போறவங்க அது காலுக்கு அடியில புகுந்து போறாங்க பாருங்க, அங்கதான் விஷயமே. கால்டரும் முதல்ல சின்ன மாடல்தான் செய்வாரு, பட்டறையில அதைப் பெருசாக்குவாங்க. நாம சின்னதோட நிறுத்திக்கலாம்.

1. முதல்ல அட்டையில வெட்டிப் பாருங்க. ரெண்டு வளைஞ்ச துண்டு, ஒண்ணுல மேலேர்ந்து பாதி கீறல், இன்னொண்ணுல கீழேர்ந்து பாதி கீறல், ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகினா தானா நிக்கும். தரையில மூணு இடத்துல ஊனினா போதும், நாலு கால் வெச்சா டீக்கடை பெஞ்சு மாதிரி ஆடும்.

2. அந்த அட்டையை பழைய எண்ணெய் டின் தகரத்து மேல வெச்சு வரைஞ்சு, தகரம் வெட்டுற கத்தரியால வெட்டுங்க. கிளவுஸ் கட்டாயம். ஓரத்தை அரம் போட்டு மழுக்குங்க. கீறல் தகரம் நுழையற அளவுக்கு மட்டும் இருக்கணும், அகலமாயிட்டா லொடலொடன்னு ஆடும்.

3. தகரம் துவளுதா? குறுக்க எல் மாதிரி மடிச்ச பட்டை ஒண்ணை எம்சீல் வெச்சு ஒட்டுங்க. பெரிய சிற்பத்துலயும் இப்படி எலும்பு மாதிரி பட்டை வெச்சு போல்ட் போட்டிருப்பாங்க, மறைக்கவும் மாட்டாங்க, எனக்கு அதுதான் அழகே.

4. பெயின்ட். டின்ல இருக்கற பிரின்ட்டை உப்புத்தாள் வெச்சு நல்லா தேயுங்க, நான் சோம்பேறித்தனமா விட்டேன், ஒரே மாசத்துல செவப்பு தோல் தோலா உரிஞ்சு உள்ள இருந்து சூரியகாந்திப் பூ எட்டிப் பாத்துச்சு! ரெட் ஆக்சைடு பிரைமர் ஒண்ணு, அது காஞ்சதும் எனாமல் மெல்லிசா ரெண்டு கோட். மேட் வாங்குங்க, பளபளப்புல வெளிச்சம் அடிச்சு வளைவு தெரியாம போயிடும்.

5. எங்க வெக்கறதுன்னு யோசிங்க, பாதி வேலை இதுதான். செவப்பு எடுபடணும்னா பின்னாடி சாம்பலோ கருப்போ வேணும், பூத்தொட்டி நடுவுல வெச்சா காணாம போயிடும். பக்கத்துல ஒரு செஸ் சிப்பாயை நிக்க வெச்சு, போனை தரையோட தரையா வெச்சு போட்டோ எடுங்க. சிப்பாய் அடியில புகுந்து போற மாதிரி தெரியலைன்னா வளைவை இன்னும் தூக்கணும், திரும்ப அட்டைக்கே போங்க. நான் மூணு தடவை போனேன்.