மதிப்பெண் அட்டையில் மொத்தம் தவறாக வந்தது, சரிசெய்த விதம்

42 மாணவர்களின் மதிப்பெண் அட்டையை எக்செலில் தயாரித்தபோது சிலருக்கு மட்டும் மொத்தம் குறைவாக வந்தது. ஐந்து பாடத்துக்கும் மதிப்பெண் கண்முன்னே இருக்கிறது, கூட்டலில் ஒரு பாடம் சேரவே இல்லை. நன்றாக எழுதிய பிள்ளைக்குக் குறைந்த தரம் போய்விடக் கூடாதே என்று மூன்று நாள் கால்குலேட்டரில் கூட்டிச் சரிபார்த்தேன்.

சூத்திரத்தைப் புதிதாக எழுதினேன், மாற்றமில்லை. கட்டத்தை நம்பர் வடிவத்துக்கு மாற்றினேன், பலிக்கவில்லை. தேவையற்ற இடைவெளியை நீக்கும் டிரிம் சூத்திரம் போட்டும் அப்படியே. அப்புறம் கட்டத்தில் எத்தனை எழுத்து என்று எண்ணிக் காட்டும் லென் சூத்திரம் போட்டுப் பார்த்தால், 78 என்ற இரண்டு இலக்கத்துக்கு 3 என்று காட்டியது! அவை சக ஆசிரியர் ஓர் இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய மதிப்பெண்கள், பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது 160 என்ற குறியீட்டு எண் கொண்ட இடைவெளி. அதனால் எக்செல் அந்த மதிப்பெண்ணை எண்ணாக எடுக்காமல் எழுத்தாக எடுத்துக்கொண்டு கூட்டலில் விட்டுவிட்டது. டிரிம் நீக்குவதோ 32 என்ற எண் கொண்ட சாதாரண இடைவெளியை மட்டும்தான். எழுத்தாகக் கிடக்கும் எண் வழக்கமாக இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும், நான் எல்லாவற்றையும் நடுவில் வைத்திருந்ததால் அதுவும் தெரியவில்லை.

அந்த இடைவெளியைக் கட்டத்துக்குள்ளிருந்தே நகலெடுத்து, கண்ட்ரோல் எச் அழுத்தி, தேடும் பெட்டியில் ஒட்டி, மாற்றும் பெட்டியைக் காலியாக விட்டு ரீபிளேஸ் ஆல் கொடுத்தேன். எல்லாம் எண்ணாக மாறி மொத்தமும் சரியாகிவிட்டது.