வீட்ல பூனை குட்டி போடப் போகுதா? எப்ப கை வைக்கணும், எப்ப சும்மா இருக்கணும்

பூனை சினையா இருக்குன்னு தெரிஞ்சதும் எல்லாரும் கேக்குறது எப்ப போடும்னுதான். கணக்கு 63லேருந்து 65 நாள், ரெண்டு மூணு நாள் முன்னபின்ன ஆகும், ஆனா நம்ம செட்டிநாட்டு வீட்டுப் பின்கட்டு வழியா வந்து போற பூனைக்கு எப்ப சேந்துச்சுன்னு யாரு குறிச்சு வச்சிருக்கா. அதனால காம்பப் பாருங்க, மூணு வாரத்துல நல்லா ரோஸ் கலர்ல தடிச்சிருக்கும், அஞ்சு வாரத்துல வயிறு தெரிய ஆரம்பிச்சிரும். எத்தனை குட்டின்னு பாக்க வயித்த அமுக்காதீங்க, தெரிஞ்சே ஆகணும்னா டாக்டர்ட்ட கொண்டுபோய் ஸ்கேன் பாத்துக்கலாம்.

சாப்பாடு வழக்கத்தவிட அதிகமாவே கொடுங்க, முடிஞ்சா குட்டிகளுக்குன்னு விக்கிற கிட்டன் ஃபுட், இல்லன்னா உப்பு மசாலா இல்லாம வேகவச்ச கோழி, முள்ளு எடுத்த மீனு. வெறும் பால்சோறு பத்தாது. நம்ம ஊர்ல ஒரு சிக்கல் என்னன்னா மிஞ்சுன குழம்ப ஊத்தி சோறு பிசைஞ்சு வைக்கிறது பழக்கம், குழம்புல கைநிறைய சின்ன வெங்காயமும் பூண்டும் கிடக்கும், ரெண்டுமே பூனைக்கு ரத்தத்தக் கெடுக்கிற விஷம். சினைப்பூனைக்கு மட்டுமில்ல, எந்தப் பூனைக்கும் வேணாம்.

அடுத்து இடம். நீங்க என்னதான் பெட்டி வச்சாலும் அது மச்சு, பரண், உள்வீட்டு பெட்டகத்துக்குப் பின்னாடின்னு தேடிட்டே இருக்கும், அதுக்குத் தேவை இருட்டு, சத்தமில்லாத மூலை, அவ்வளவுதான். ரெண்டாங்கட்டுல ஆள் நடமாட்டம் இல்லாத ஓரமாப் பாத்து ஒரு அட்டைப்பெட்டிய வைங்க, ஒரு பக்கம் மட்டும் தாய் தாண்டுற அளவுக்கு, குட்டி தவழ்ந்து வெளிய விழாத அளவுக்கு அடியில கொஞ்சம் விட்டு வெட்டுங்க. உள்ள பழைய கண்டாங்கிச் சேலை விரிச்சா போதும், நூல் நூலா எழும்புற துண்டு வேணாம், நகம் மாட்டிக்கும். பெட்டிய நேரா ஆத்தங்குடிக் கல்லுல வைக்காதீங்க, சித்திரை வெயில்ல நமக்கு சொகமா இருக்கிற அந்தத் தரைதான் பொறந்த குட்டியோட சூட்ட உறிஞ்சிரும், அடியில கோணிச்சாக்கு மடிச்சுப் போட்டுருங்க. அந்த இடத்த ஃபினாயிலு டெட்டாலு போட்டு கழுவ வேணாம், பூனை உடம்பால அத வெளியேத்த முடியாது, சோப்புத்தண்ணி போதும். பெட்டகத்துல அந்துருண்டை போட்டிருந்தா அதையும் எடுத்துருங்க.

நாள் நெருங்குனா ஒருநாள் முன்னாடி உடம்புச்சூடு 100 டிகிரிக்குக் கீழ எறங்கும்னு சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா பின்னாடி தெர்மாமீட்டர் வைக்க உங்க பூனை விட்டா பாத்துக்குங்க. அதவிட நடத்தையே சொல்லிரும், சாப்பிடாது, துணியப் பிராண்டும், பின்பக்கத்த நக்கிட்டே இருக்கும், மூச்சு வாங்கும், சிலது நம்மள விட்டு நகராம கத்தும். இந்தக் கட்டம் 12 மணி நேரம், சமயத்துல அதுக்கும் மேலயே ஓடும். பக்கத்துல உக்காந்தா அது நிம்மதியா இருக்குன்னா உக்காருங்க, எரிச்சல் பட்டா தள்ளிப் போயிருங்க. வீடே கூடி வந்து செல்போன் லைட் அடிச்சு வீடியோ எடுக்குறது மட்டும் வேணாம், பயந்துச்சுன்னா பிரசவமே நின்னுரும்.

முக்க ஆரம்பிச்சதும் ஒரு குட்டி வரும், அடுத்தது பத்து நிமிஷத்துலயும் வரலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். காலு முன்னாடி வந்தா பதறாதீங்க, பூனைக்கு அது சாதாரணம். பனிக்குடப் பையோட வழுவழுன்னு விழும், தாய் பல்லால கிழிச்சு மூஞ்சிய நக்கும், தொப்புள்கொடியக் கடிக்கும், பின்னாடி வர்ற நஞ்சையும் (உள்ள குட்டிக்கு சத்து கொடுத்த சதை) தின்னுரும். அருவருப்பா இருந்தாலும் விட்டுருங்க, ஆனா எண்ணிக்குங்க, ஒரு குட்டிக்கு ஒரு நஞ்சு, ஒன்னு உள்ள தங்கிருச்சுன்னு சந்தேகம் இருந்தா டாக்டர்ட்ட சொல்லணும்.

நீங்க கை வைக்க வேண்டியது எப்பன்னா, குட்டி விழுந்து ஒரு நிமிஷம் ஆகியும் தாய் பையக் கிழிக்கலன்னா. தலைச்சன் பிரசவத்துல சில பூனைக்கு என்ன செய்யிறதுன்னே தெரியாது, மலங்க மலங்கப் பாக்கும். கையக் கழுவிட்டு குட்டியோட மூக்குப் பக்கம் அந்தப் பைய விரலால கிள்ளிக் கிழிங்க, வாயையும் மூக்கையும் மெல்லிசுத் துணியால தொடைங்க, தலை கொஞ்சம் தாழ்ந்தாப்ல பிடிச்சு இன்னொரு துணியால முதுகையும் நெஞ்சையும் நல்லா தேய்ங்க, தாய் நாக்கு எப்படி சொரசொரன்னு இழுக்குமோ அந்த வேகத்துல. நீலம் பாஞ்சு கிடந்த நாக்கு மெல்ல ரோஸாகும், வாயத் தொறந்து ஒரு தடவ இழுக்கும், அப்புறம் கீச்சுன்னு கத்தும், கத்துனதும் தாய் மொகத்துக்கிட்ட வச்சிருங்க. தலகீழா ஆட்டுறது, உதறுறது கூடவே கூடாது, மூளையில அடிபடும். கொடியக் கடிக்கலன்னா வயித்துலேருந்து ஒரு இஞ்சு விட்டு நூலால கட்டி, அதுக்கு வெளிய சுத்தமான கத்திரிக்கோலால வெட்டுங்க, நுனியில கொஞ்சம் அயோடின் தொட்டு வைங்க. கொடியப் புடிச்சு இழுத்துறாதீங்க.

டாக்டர்ட்ட ஓட வேண்டிய நேரமும் தெரிஞ்சிருக்கணும். 20, 30 நிமிஷம் பலமா முக்கியும் குட்டி வரலன்னா, பாதி வெளிய வந்து மாட்டிக்கிச்சுன்னா, மொத குட்டிக்கு முன்னாடியே பச்சையா கருப்பா வடிஞ்சா, செவப்பா ரத்தம் நிக்காம போனா, வாடை அடிச்சா. மெடிக்கல்ல ஊசி வாங்கிப் போட்டா குட்டி வந்துரும்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, குட்டி குறுக்க மாட்டியிருந்தா கர்ப்பப்பையே கிழிஞ்சிரும். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் இருக்கிறவங்க ராத்திரி காரைக்குடில யாரு தொறப்பாங்க, யாரு ஆபரேஷன் பண்ணுவாங்கன்னு முன்னாடியே கேட்டு நம்பர வச்சுக்குங்க, எல்லாரும் பூனைக்கு சிசேரியன் பண்ண மாட்டாங்க. ரெண்டு குட்டி போட்டுட்டு நிம்மதியா பால் கொடுத்துட்டு, சாப்பிட்டுட்டு மறுநாள் மிச்சத்தப் போடுறதும் உண்டு, அது சோர்ந்து கிடந்தாத்தான் கவலை.

பொறந்த குட்டி 90, 100 கிராம் இருக்கும். மொத நாள் சீம்பால் உள்ள போயிரணும், நோய் எதிர்ப்பு அதுலதான் வருது. சமையலறை டிஜிட்டல் தராசுல தினமும் ஒரே நேரத்துல எடை போடுங்க, நாளைக்கு பத்து கிராமாவது ஏறணும், ஏறலன்னா அந்தக் குட்டி காம்பு கிடைக்காம ஒதுங்கிக் கிடக்கலாம், இல்ல சீக்கா இருக்கலாம். எல்லாம் ஒன்னா குமிஞ்சு கத்துனா குளுருது, தனித்தனியா சிதறி மூச்சு வாங்குனா வேக்காடு. குளுந்தா வெந்நீர் பாட்டில துணியில சுத்தி பெட்டியோட ஒரு ஓரத்துல மட்டும் வைங்க, சூடு அதிகமானா நகர்ந்து போக எடம் வேணும்ல.

தாய்க்குப் பால் இல்ல, இல்ல தாயே இல்லன்னா பசும்பால் வேணாம், வயித்தால போயே செத்துரும். பெட் கடையில பூனைக்குட்டிக்குன்னே பால்பவுடர் கிடைக்கும், மொத வாரம் ரெண்டு மூணு மணிக்கு ஒருக்க, ராத்திரியும்தான். குளுந்து கிடக்குற குட்டிக்கு மொதல்ல சூடு, அப்புறம்தான் பால். குப்புற வச்சே கொடுங்க, மல்லாத்தினா நுரையீரலுக்குப் போயிரும். கொடுத்து முடிச்சதும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால பின்பக்கம் தடவணும், மூணு வாரம் வரைக்கும் தானா ஒன்னுக்கு ரெண்டுக்குப் போகத் தெரியாது.

பூனை ஏழு வீடு மாத்தும்னு ஆச்சி சொல்லுவாக, ஏழோ என்னமோ, தொந்தரவு பட்டா கண்டிப்பா மாத்தும். இங்கதான் நம்ம ஊரு வீட்டுக்குன்னே ஒரு ஆபத்து, விசேஷத்துக்கு வந்த புள்ளிக்காரவுக (வீட்டுல பங்கு உள்ள குடும்பத்தாரு) அவுக உள்வீட்டு அறையப் பூட்டிட்டு சென்னைக்குக் கிளம்பிருவாக, குட்டி உள்ள, தாய் வெளிய. பூட்டுறதுக்கு முன்னாடி பெட்டகத்துக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுப் பாருங்கன்னு வாச்சுமேன் அண்ணன்ட்ட சொல்லி வைங்க. கடுவன் பூனை (ஆண் பூனை) வந்து குட்டியக் கொல்றதும் உண்டு, வளவுக்கு (நடுமுற்றத்துக்கு) மேல கம்பிவலை இருந்தாலும் அது ஓட்டு வழியா எறங்கும்.

பால் கொடுக்குற தாய் திடீர்னு நடுங்கி, காலு விறைச்சு, தள்ளாடுனா கால்சியம் எறங்கிருச்சு, நாளைக்குப் பாக்கலாம்னு விடாதீங்க. காம்பு கல்லு மாதிரி இறுகி, செவந்து சூடா இருந்தாலும் டாக்டர்தான். காய்ச்சல்னு பாராசிட்டமால் கொடுத்துறாதீங்க, பூனைக்கு அது எமன்.

கண்ணு 7லேருந்து 14 நாளுக்குள்ள தானா தொறக்கும். நாலு வாரத்துல நனைச்ச சாப்பாடு பழக்குங்க, பூச்சி மருந்து டாக்டர் சொல்ற அளவுல ரெண்டு மூணு வாரத்துலேயே ஆரம்பிக்கலாம், ரெண்டு மாசத்துல மொத தடுப்பூசி, மூணு மாசத்துல ரேபிஸ். கேக்குறவங்களுக்கு ரெண்டு மாசம் முடியாம தூக்கிக் கொடுக்காதீங்க. தாய் பால் கொடுக்கும்போதே மறுபடி சினை புடிச்சிரும், குட்டிகள்ல பெட்டை இருந்தா அதுவும் நாலு மாசத்துக்கு மேல தயாராயிரும், அதனால பால் வத்தினதும் கருத்தடை ஆபரேஷனுக்கு தேதி வாங்கிருங்க, அதுவரைக்கும் கடுவன் வர்ற ஜன்னல சாத்தியே வைங்க.